நீலத்தில் நின்ற சாமைச் சோறு

நீ இறந்துபோன சேதி எனக்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. பெங்களூரில் உன் மகள் வீட்டில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய் என்றார்கள். சேதி சொன்னவரிடம் நான் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டார்?" என்றுதான். துக்கம் விசாரிக்கிற லட்சணமா இது என்று நினைத்திருப்பார். நீ இருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டாய். நீயும் அதைத்தான் கேட்டிருப்பாய்.

அந்த வாரம்தான் என் மகன் என் இடது கையில் ஒரு வில்லையை ஒட்டியிருந்தான். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. தோலுக்குள் மயிரிழை மாதிரி ஏதோ இறங்கியிருக்கிறதாம். உடம்பில் இருக்கிற சர்க்கரையை அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போனைத் தொட்டால் ஒரு கோடு தெரிகிறது. காலையில் நான்கு இட்லியைத் தின்றுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தேன். கோடு முதலில் சும்மா கிடந்தது. பிறகு தூக்கம் கலைந்த மாதிரி தலையைத் தூக்கியது. ஏறி ஏறி ஒரு முகடு கட்டி, அந்தப் பக்கம் மெதுவாகச் சரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நம் ஊர் மலை அதே சாய்வில் நின்றுகொண்டிருந்தது. எது கையில் இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்று ஒரு நொடி தடுமாறிவிட்டேன். இதை உன்னிடம் காட்ட வேண்டும் என்று எழுந்தே விட்டேன். நின்ற பிறகுதான் நினைவு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. மூட்டை தூக்க வந்த தெருவிலேயே சொந்தமாக அரிசி மண்டி வைத்து உட்கார்ந்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கல்யாணத்துக்கும் லாட்ஜுக்கும் மொத்தமாக அரிசி எடுக்க வருகிறவர்கள் மணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு விலை பேச மாட்டார்கள். மண்டிக்குப் பின்னால் அதற்கென்றே ஓர் அடுப்பு வைத்திருந்தேன். அவர்கள் கேட்ட அரிசியை ஒரு பிடி வடித்து, இலையில் கொட்டி, வாங்குகிறவரும் விற்கிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விற்கிறவன் கை தயங்கினால் அரிசியில் ஏதோ கோளாறு என்று எழுந்துவிடுவார்கள். மூன்று பேர் வந்தால் மூன்று தரம் சாப்பிடுவேன். அதற்கு மேல் வீட்டுச் சாப்பாடு, ஒண்ணரை ஆழாக்கு அரிசிச் சோறு.

அப்புறம் மத்தியானம் என்று ஒன்று வரும். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள், எனக்கு வந்தது மயக்கமில்லை, வேறு ஒரு தேசம். மூட்டைகளின் மேல் சாய்ந்தால் உமித் தூசி வெயிலில் பொன் மாதிரி மிதக்கும். கோயில் மணி தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும். கண்ணைத் திறந்திருக்கும்போதே கனவு வரும். ஒரு தரம் மலையே வாசல் வழியாக நுழைந்து, கிச்சிலிச் சம்பா மூட்டைகளுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, "என்ன விலை?" என்று கேட்டது. அது வசதி வந்ததன் அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாகமும், அடிக்கடி எழுந்து போவதும், இடுப்பில் வேட்டி தளர்ந்துகொண்டே போவதும் சேர்ந்த பிறகுதான் ஒரு பெரிய டாக்டரிடம் போனேன்.

"சக்கரை இருக்கு. தினம் காலைல ஒரு மாத்திரை போடுங்க. அரிசியை அடியோட விட்டுடுங்க. சப்பாத்தி சாப்பிடுங்க," என்றார்.

"நான் அரிசி வியாபாரிங்க."

"வியாபாரம் பண்ணுங்க. சாப்பிட வேணாம்னுதான் சொல்றேன்."

ஆஸ்பத்திரி லேபில் பகல் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் தேரடிக்குப் பின்னால் சந்தில் ஒற்றை அறையில் நீ சொந்தமாகப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்த காலம். டாக்டர் கொடுத்த சீட்டோடு உன்னிடம் வந்தேன். அரிசியை விட்டால் என் பிழைப்பு போய்விடும் என்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. நீ சிரிக்கவில்லை. ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாய். கண்ணாடிக் குழாயில் அந்த நீலத் தண்ணீரை ஊற்றினாய். விடிவதற்குச் சற்று முன்னால் மலைக்குப் பின்னால் தெரியுமே, அந்த நீலம். அதில் என் சிறுநீரை எண்ணி எட்டுச் சொட்டு விட்டாய். கொதித்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் காவியாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வண்டல் மாதிரி அடியில் இறங்கியது.

"இன்னா மண்டிக்காரரே, சூளையே வச்சிருக்கீங்க உள்ள," என்றாய்.

அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம். இரண்டாம் நாளே 'ங்க' போய்விட்டது. நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று தெரிந்ததும் மூன்றாம் நாள் 'யோவ்' வந்துவிட்டது.

அப்புறம் தொடங்கியதுதான் நம் விளையாட்டு. விளையாட்டு என்று நான்தான் சொல்கிறேன், நீ அதை வேலையாகச் செய்தாய். ஒவ்வொரு நாளும் ஒரு சாப்பாடு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நான் ஒரு தலைமுடி எண்ணெய்ப் புட்டியில் கொண்டுவருவேன், நீ நிறம் பார்ப்பாய். செய்தித்தாளில் சுற்றி அதை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு லாட்ஜ்காரர் என்னை மறித்து, "மலைத்தேனுங்களா? எங்களுக்கும் சொல்லுங்க," என்றார். "இது விக்கறதுக்கு இல்லீங்க, சொந்த உபயோகம்," என்றேன். உன்னிடம் வந்து சொன்னபோது நீ விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தாய்.

என் மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் அடுப்படியிலிருந்தே கேட்பாள். "இன்னைக்கு இன்னா கலர் சமைக்கணும்?"

குழைந்த பொங்கல் சாப்பிட்ட நாள் செங்கல். அதே அரிசியை விறைக்க வடித்து, கீரையும் பருப்பும் நிறையப் போட்டுச் சாப்பிட்ட நாள் மஞ்சள். டாக்டர் சொன்ன சப்பாத்தி, மருந்துதானே என்று ஏழு தின்றேன், காவி. ராத்திரி ஊறிய பழைய சோறும் வெங்காயமும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில். எனக்கு அதிர்ச்சி கொடுத்தது கேழ்வரகுதான். கூழ் குடித்தவனுக்குச் சக்கரை அண்டாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். மூன்று சொம்பு கூழைக் குடித்துவிட்டு வெற்றி வீரன் மாதிரி வந்தேன். அன்றைக்கும் செங்கல்.

"இது எப்படிய்யா?" என்றேன்.

நீ குழாயைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாய். "தீபத்தன்னைக்கு ரயில்ல வர கூட்டத்தைப் பார்த்திருக்கிறியா? அத்தனை பேரும் ஒரே நேரத்துல கோபுர வாசலுக்கு வந்தா இன்னா ஆவும்?"

"நெரிசல்."

"அதே ஜனம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாலு நாலு பேரா வந்தா?"

"ஒண்ணும் ஆவாது."

"சோறு, கூழு, சப்பாத்தி எல்லாமே உள்ள போய்ச் சக்கரையாத்தான் ஆவுது. தண்ணியா குடிச்சா, குழைய வெந்தா, கூட்டம் ஒரேயடியா எறங்குது. கீரை, பருப்பு, வேர்க்கடலை கூட இருந்தா பிரேக் போட்டுகினு வருது. உன் வாசல்ல நிக்கிறானே, ஆளை உள்ள விடறவன், அவனுக்குச் சோம்பல் வந்துடுச்சு. வேகமா விட மாட்டேங்கிறான். அவ்ளோதான் உன் வியாதி."

சக்கரை நோயைப் பற்றி எத்தனையோ பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். அந்த வாசல்காரனைத் தாண்டி யாரும் எனக்கு அதிகமாக எதையும் சொல்லிவிடவில்லை.

இப்போது சாமைக்கு வருகிறேன். நான் உனக்குச் செய்ததும் அதிலிருந்துதான்.

ஜவ்வாது மலையிலிருந்து சாமை கொண்டுவருகிறவர் ஒருவர் செங்கம் சந்தையில் எனக்குப் பழக்கம். பறவைத் தீனிக்கென்று வாங்குகிறவர்கள்கூட உண்டு, அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. ஒரு நாள் இரண்டு படி வாங்கிவந்து சமைக்கச் சொன்னேன். எனக்குப் பிடிக்கவில்லை. தொண்டையில் மணல் மாதிரி இறங்கியது. கொஞ்சம்தான் தின்றேன். அன்றைக்கு மத்தியானம் அந்தத் தேசம் வரவில்லை. மூட்டையில் சாய்ந்து பார்த்தேன், கண் சொருகவில்லை. வாசலில் வந்து நின்றேன். பதினொரு வருடமாக அதே வாசல். மத்தியான மலையை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உச்சி வெயிலில் அது கல் நிறமாக இல்லை. உள்ளுக்குள் விளக்கு வைத்த மாதிரி ஊதாவாக இருந்தது. மேக நிழல் ஒன்று அதன் மேல் யாரோ போர்வை இழுப்பது போல நகர்ந்தது. தூங்காமலேயே கனவு கண்டுகொண்டு, அடி அண்ணாமலை வரைக்கும் நெல் பார்க்கிற சாக்கில் நடந்து போய்விட்டு வந்தேன்.

சாயங்காலம் உன் குழாய் கொதித்தது. நீலம். கொதித்து அடங்கியும் நீலம்.

நான்கு நாள் தொடர்ந்து சாமை சாப்பிட்டேன், மத்தியானம் தூக்கம் வராமல் நடந்தேன். நான்கு நாளும் நீலம். என் மண்டைக்குள் வியாபாரி விழித்துக்கொண்டான். இதில் நான் பொய் சொல்லப் போவதில்லை. உடம்பு தேறுகிறது என்ற சந்தோஷத்தைவிட, இந்த ஊரில் எத்தனை பேருக்குச் சக்கரை இருக்கிறது என்ற கணக்குதான் எனக்கு முதலில் ஓடியது. செங்கத்துக்கு ஆள் அனுப்பி நாற்பது மூட்டை சாமை இறக்கினேன். பிறகுதான் உன்னிடம் வந்தேன்.

"ஒரு சீட்டு எழுதிக் குடுய்யா. சாமை சாப்பிட்டா சக்கரை நிக்குதுனு. உன் கையெழுத்து போதும்."

நீ நிமிரக்கூட இல்லை. "நிக்குதுனு யாரு சொன்னது?"

"நாலு நாள் நீலம். நீதானே பார்த்த."

"நீலம்னா நல்லாருக்குனு அர்த்தம் இல்ல. வழியலைனு அர்த்தம். சாத்தனூர் டேம் மாதிரி. ஷட்டரைத் தாண்டி வழிஞ்சாத்தான் எனக்குத் தெரியும். உள்ள எவ்ளோ நிக்குதுனு இந்தக் குழாய்க்குத் தெரியாது."

"வழியாம இருந்தா போதும்யா ஜனங்களுக்கு."

"எனக்குப் போதாது. ஒரு ஆளு, நாலு நாளு. இதை வச்சிகினு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவனாவது மாத்திரையைத் தூக்கிப் போடுவான். போய் அரிசி வியாபாரத்தைப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. மாதச் சம்பளக்காரனுக்குச் சரக்கு இறக்கியவன் வயிறு புரியாது என்று மனதுக்குள் திட்டினேன். நீ எழுதித் தராததைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களிடம் உன் பெயரைச் சொல்லி, அவரே பரிசோதித்துச் சொன்னது என்றேன். அவ்வளவு போதுமாக இருந்தது. டாக்டர் சொன்னால்கூட இன்னொரு டாக்டரிடம் கேட்கிறவர்கள், நீ சொன்னாய் என்றதும் பையை நீட்டினார்கள். குழாயில் என்ன நிறம் வந்ததோ அதை மட்டும் சொல்கிற ஆள் என்று ஊரில் உனக்குப் பேர். அந்தப் பேரைத்தான் நான் எடுத்து விற்றேன். சாமையை நல்ல அரிசியைப் போல இரண்டு மடங்கு விலைக்கு விற்றேன். மூன்று வாரத்தில் பதினேழு மூட்டை காலி. உன் சந்துப் பக்கமே நான் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, நீயே மண்டிக்கு வந்தாய். வேலை நேரத்தில் நீ வெளியே வந்து நான் பார்த்ததில்லை. கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு குழாயை எடுத்து மேசைமேல் நிறுத்திப் பிடித்தாய். செங்கல் நிறம். என்னுடையதைவிடக் கெட்டியாக இருந்தது.

"இது யாருது தெரியுமா?"

"யாருது?"

"உன் கஸ்டமர்து."

மாட வீதியில் தையல் கடை வைத்திருந்தவரை நீதான் எனக்கு நினைவுபடுத்தினாய். என் மகனுக்கு முதல் சட்டை தைத்தவர். என்னிடம் எட்டுப் படி சாமை வாங்கியிருந்தார். அவர் பெண்டாட்டியும் உன்கூடவே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

"நீங்க சொன்னாப்பலதாங்க செஞ்சோம். அவருக்கு வெறும் சாமை எறங்கல. வெல்லம் போட்டுப் பொங்கலா வச்சேன். சாமைதான் மருந்தாச்சே, வெல்லத்தை அதுவே பார்த்துக்கும்னு."

"எத்தினி நாளுங்கம்மா?" என்று நீ கேட்டாய், எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

"வாரத்துக்கு நாலஞ்சு நாளுங்க. இனிப்பு சாப்பிட்டு ரெண்டு வருசம் ஆச்சுன்னு ஆசையா சாப்பிட்டாருங்க. மாத்திரையும் வேணாம்னுட்டாரு. உங்க பேரைச் சொன்னாங்களேங்க, அப்புறம் மாத்திரை எதுக்குன்னாரு."

நீ என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கால்ல ஊசி குத்துன இடம், பெருவிரல் கறுத்துப் போச்சு. அதைச் சொல்லுங்கம்மா," என்றாய். அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது சொன்னதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "வெல்லம் போட்டா நான் இன்னா பண்றது? சாமை மேல தப்பு இல்லையே," என்றேன்.

நீ அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "சரி. சாமை மேல தப்பு இருக்கா இல்லையானு பார்த்துடுவோம். நாளைக்கு உன் வீட்டுக்கு வரேன். வெல்லம் வேணாம். வெறும் சாமை. அரிசிச் சோறு எவ்ளோ தின்னுவியோ அவ்ளோ தின்னு. எழுந்திருக்கக் கூடாது."

மறுநாள் நீ விளக்கையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். என் மனைவி ஒண்ணரை ஆழாக்கு சாமையைப் பொங்கி, வெறும் ரசத்தோடு வைத்தாள். கீரை வேண்டாம், பருப்பு வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். நான் முழுவதையும் தின்றேன். பிறகு நீ எதிரில் உட்கார, நான் சுவரில் சாய்ந்து, இரண்டு மணி நேரம். கொஞ்ச நேரத்தில் அந்தத் தேசம் மெல்ல வந்தது. காணாமல் போயிருந்த ஆள் திரும்பி வந்த மாதிரி வந்து கண்ணிமையில் உட்கார்ந்தது. சுவர் மெத்தென்று ஆனது. உன் முகம் தூரமாகப் போயிற்று. அந்த மயக்கத்துக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் கொதிக்கும் முன்பே என் உடம்பு எனக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் இருபத்து மூன்று மூட்டை இன்னும் கிடங்கில் இருந்ததே.

கொதிக்க ஆரம்பித்தது. நீலம் கலங்கிற்று. பச்சையோடு நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டேன். அண்ணாமலையாரிடம் அதுவரைக்கும் நான் அவ்வளவு சின்னதாக எதையும் கேட்டதில்லை. பச்சை, மஞ்சளாயிற்று. மஞ்சளின் ஓரத்தில் காவி ஒரு கோடு இழுத்தது. அங்கே நின்றது.

"செங்கல் இல்ல," என்றேன்.

"இல்ல. அரிசியைவிடச் சாமை ஒரு படி மேலதான். அந்த நல்ல பேரை அதுக்குக் குடுக்கலாம்." நீ விளக்கை ஊதி அணைத்தாய். "ஆனா அந்த நாலு நாள் நீலம் சாமையோடது இல்லய்யா. பிடிக்காம அரை ஆழாக்குதான் தின்ன. உன் வீட்டம்மா பாவம்னு கீரையும் கடலையும் கூட வச்சாங்க. தூக்கம் வராததால அடி அண்ணாமலை வரைக்கும் நடந்த. கால் சதை நடக்கறப்ப சக்கரையைத் தின்னும், வாசல்காரனைக் கேக்கவே கேக்காது. காலைல மாத்திரையும் போட்ட. அஞ்சாறு பேர் சேந்து தூக்குன மூட்டையை ஒருத்தன் தூக்குனதா சொல்லி நீ வித்துட்ட."

மூட்டை தூக்கினவனுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. என் மனைவி கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மொதல்ல அந்தத் தையல்காரரைப் போய்ப் பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

போனோம். ரிக்‌ஷாவில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவர் நடுவில். காய்ச்சலில் அவருக்கு அரை மயக்கம். வழியெல்லாம் கனவில் பேசுகிற மாதிரி, என் மகன் சட்டைக்குக் காஜா எடுக்கவில்லை, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சட்டை தைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். பாதம் போனால் அவர் எதை வைத்து மெஷின் மிதிப்பார்? நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்தக் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடங்கு நினைவு அன்றைக்கு முதல் தடவையாக என்னை விட்டுப் போயிருந்தது. பதினோராம் நாள் பெருவிரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் பிழைத்தது.

விரல் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் நீ மண்டிக்கு வந்தாய். அன்றைக்கு நல்ல கூட்டம். கல்யாணத்துக்கு அரிசி பார்க்க வந்தவர்கள் இரண்டு குடும்பம், மூட்டை தூக்குகிறவர்கள் ஐந்தாறு பேர். நான் எழுந்து உன் பக்கம் வந்து, சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் செய்வது போலத் தோள் துண்டை எடுத்து உன் கைமேல் போட்டேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடித்துவிடலாம், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று. எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

நீ துண்டை எடுத்து மடித்து என் தோளிலேயே போட்டாய். "வெளியவே பேசுவோம். இவங்களும் கேக்கட்டும்," என்றாய்.

"என்ன செய்யணும், சொல்லு. மிச்ச மூட்டையை ஏரியில கொட்டணும்னா கொட்டறேன்."

"எதுக்குக் கொட்டணும்? நல்ல தானியம். விக்கணும். நான் சொல்றாப்பல விக்கணும்."

நீ சொன்னதை எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி ஒத்துக்கொண்டேன். இடையில் ஒரே ஓர் இடத்தில் பேரம் பேசப் பார்த்தேன். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடு, இறக்கிய கூலியாவது வரட்டும் என்றேன். "தையல்காரர்கிட்ட போய்க் கேளு, விரல்ல கொஞ்சம் விட்டுக்குடுங்கனு," என்றாய். மூட்டை தூக்குகிற ஒருவர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நீ இந்த ஊரில் இருந்த பத்துப் பன்னிரண்டு வருடமும் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. என் நிறங்களைப் பார்த்தாய், திட்டினாய், என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பாயசத்தை என் இலையில் விழாமல் தடுத்தாய். வாங்குகிறவர்களோடு சாம்பிள் சோறு சாப்பிடுகிற வழக்கத்தையும் நான் விடவில்லை. முதலில் ஒரு கிண்ணம் கீரை, பிறகு மூன்று வாய் சோறு, பிறகு "வாங்க, கிடங்கு வரைக்கும் நடந்து பேசலாம்." அப்படி நடந்தே நிறைய வியாபாரம் முடிந்திருக்கிறது. என் இரண்டு பாதமும் பத்து விரலும் இன்றைக்கும் முழுசாக இருக்கின்றன. எண்பதைத் தாண்டிய சக்கரைக்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை. கடையை இப்போது மகன் பார்க்கிறான். சாமை இப்போது பெரிய மனிதர்கள் சாப்பாடு, கண்ணாடிப் பெட்டியில் அடைத்து என்னென்னவோ விலைக்கு விற்கிறார்கள். எங்கள் கடையில் மட்டும் ஏன் இந்த விலை என்று மகன் அவ்வப்போது கேட்பான். பேசி முடித்த விலை என்பேன். யாரோடு என்று கேட்டால் சொல்வதில்லை.

பேசி முடித்தது இவ்வளவுதான். சாமைக்குச் சாப்பாட்டு அரிசி விலை, அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. வீட்டில் சக்கரைக்காரர் இருக்கிறார் என்று கேட்டு வாங்குகிறவரிடம், அரை ஆழாக்குக்கு மேல் வேண்டாம், கூடவே கீரையும் பருப்பும் இருக்கட்டும், சாப்பிட்டதும் நடங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லாமல் பொட்டலம் கட்டக் கூடாது. தையல்காரர் கால் ஆறுகிற வரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே அவரை ரிக்‌ஷாவில் கூட்டிப்போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வர வேண்டும். கடைசியாக நீ வாசல்படியில் இறங்கி நின்று சொன்னது, "இனிமே என் பேரு உன் வாயில வரக் கூடாது. கடையிலயும் சரி, வெளியிலயும் சரி. நான் இருந்தாலும் சரி, இல்லைனாலும் சரி."